மொட்டையனுக்கு ரெண்டாங் கண்ணாலம்

வா கண்ணு, இப்படித் திண்ணையில சித்தெ உக்காரு. மூஞ்சி ஏன் இப்படிச் சுண்டிப் போய்க் கெடக்குது? காத்தால அம்மாயி புழிஞ்சு வெச்ச சந்தகை தட்டுலயே காஞ்சு போச்சு. உங்கம்மா நெனைக்கறா, எவளோ ஒரு புள்ள உன்னைய வேண்டாம்னு சொல்லிப் போட்டாளாட்டம் இருக்குதுன்னு. நான்தான் சொன்னேன், அவனை எந்தப் புள்ளயும் வேண்டாம்னு சொல்லல, வேணும்னும் சொல்லல, இது அந்த மொட்டையன் சமாச்சாரம்னு.

ராத்திரி பொடக்காளியில நின்னுட்டு போன்ல நீ கத்துனது எனக்குக் கேட்டுது. "ரெண்டாவது சீசன் சாணிடா"ன்னு சொன்னயே, அதுல ஒரு திருத்தம். சாணி வாசத் தெளிக்க ஆகும், வரட்டி தட்ட ஆகும், காட்டுக்கு எருவாகும். இன்னொருக்கா வையறப்ப ஒண்ணுக்கும் ஆகாத பொருளாப் பாத்து வையி.

எனக்குத் தெரியும் உன்ற வெசனம். 2025 அக்டோபர்ல அந்த மொட்டையன் அனிமேக்கு மூணாவது சீசன் வந்துச்சு, அது உனக்குப் பொக்குனு போச்சு. அந்தக் கோவத்துல 2019-ல வந்த ரெண்டாவதைத் தேடியெடுத்து மறுக்காப் பாத்து, மறுக்கா வையற. பல்லு வலிச்சா நாக்கு அங்கயே போய்ப் போய்த் தடவும் பாரு, அதாட்ட இருக்குது உன்ற சோலி.

"உங்களுக்கென்ன அப்புச்சி தெரியும், அனிமேன்னா என்னன்னு"ங்கற. செரிதான், நான் பட்டிக்காட்டான். ஆனா 2015-ல, நீ அஞ்சாவதோ ஆறாவதோ படிக்கையில, உங்கப்பன் போனைத் திருடீட்டு வந்து போர்வைக்குள்ள வெச்சுட்டு, "அப்புச்சி, ஒரு மொட்டைத் தாத்தா வர்றாரு பாருங்க"ன்னு என்னைய எழுப்புனவன் ஆரு? தாத்தா இல்ல கண்ணு, அந்த மொட்டையன் சைதாமாவுக்கு வயசு 25. மசுரு கொட்டீட்டா தாத்தாவா? அன்னைக்கு எனக்குச் சுருக்குனு பட்டுச்சு, இன்னும் மறக்கல.

வன் பஞ்ச் மேன். ஒத்தைக் குத்து மனுசன். தெனம் 100 தண்டால், 100 சிட்-அப், 100 பஸ்கி, 10 கிலோமீட்டர் ஓட்டம். மூணு வருசம் இதையே பண்ணுனானாம், பலம் வந்துச்சாம், மசுரு போச்சாம். இதைக் கேட்டுப்போட்டு அவன் சிஷ்யன் ஜெனோஸ், ஒடம்பு பூரா இரும்புல செஞ்ச பையன், "இது சாதாரண ஒடற்பயிற்சிதானே"ன்னு கோவிக்கறான். ஜெனோஸ் சொன்னதுதான் நெசம். நாங்க சிலம்பம் பழகுன காலத்துல ஒடம்பு சூடேறதுக்கே அத்தனை பண்ணுவோம். எனக்குப் பலமும் வல்ல, மசுரு மட்டும் சொல்லி வெச்சாப்புல போயிருச்சு.

இப்ப நாஞ் சொல்றதைக் கேளு. முதல் சீசன் உனக்கு ஏன் புடிச்சுதுன்னு உனக்கே தெரியாது. படம் நல்லாருந்துச்சும்ப. சண்டை நல்லாருந்துச்சும்ப. அது பாதி.

நம்மூரு நோம்பியில குஸ்தி வெச்சாங்கன்னு வெய்யி. அசலூரு பயில்வான் ஒருத்தன் வர்றான். அவனுக்கு முன்னால எட்டுக் கொட்டுக்காரன் அடிச்சுட்டு வர்றான். மேலெல்லாம் எண்ணெய், தொடையைத் தட்டுனா மூணூருக்குக் கேக்குது. மண்ணை எடுத்து நெத்தியில வெக்கறான், கோதாவை நாலு சுத்து சுத்தறான், பொம்பளைகளெல்லாம் கொழந்தையத் தூக்கி இடுப்புல வெச்சுக்கறாங்க. எதுக்கால நம்ம மொட்டையன் மஞ்சப்பையோட வந்து நிக்கறான். ஒண்ணு உட்டான். பயில்வான் பனமரத்து மேல. மொட்டையன் என்ன கேக்கறான்? "சந்தை கலைஞ்சிருச்சுங்களா?"

சிரிக்கறயே, எதுக்குச் சிரிச்ச? குத்துக்கா? குத்து ஒரு நொடி. அந்த எட்டுக் கொட்டுதான் கண்ணு உன்னைய சிரிக்க வெச்சுது. கொட்டு எத்தனை பலமோ சிரிப்பு அத்தனை பலம். கொட்டே இல்லாம ஒருத்தன் வந்து உழுந்தான்னா அது குஸ்தி இல்ல, வழுக்கி உழுந்தது.

முதல் சீசன்ல கொட்டடிச்சவங்க ஆருன்னு பாரு. மேட்ஹவுஸ்னு ஒரு ஸ்டூடியோ, 1972-ல ஆரம்பிச்சது. அந்தப் பேரைத்தான் நீங்க அல்லாரும் சாமி பேராட்டம் சொல்றீங்க. ஆனா வேலை பாத்தது கட்டடம் இல்ல. டைரக்டர் ஷிங்கோ நட்சுமே, உருவம் வரையற பொறுப்புக்கு சிகாஷி குபோட்டா. இவங்களுக்குப் பழக்கமான கைகாரங்க, ஒரு கம்பெனியிலயும் சம்பளத்துக்கு இல்லாத தனி ஆளுக, அங்கயிருந்தும் இங்கயிருந்தும் வந்து சேந்தாங்க. பேரு தெரிஞ்ச பெரிய கைக. எனக்கு இந்தச் சண்டையைக் குடுங்க, எனக்கு அந்தச் சண்டையைக் குடுங்கன்னு வந்தவங்க. அது கண்ணாலத்துல பங்காளி மாமன் மச்சான் அல்லாரும் ஒட்டுக்கா வந்து அடுப்படியில நின்னாப்புல. கூலிக்கு ஆக்குன சோறும் சோறுதான். ஆனா மாமங்காரன் வேட்டிய மடிச்சுக் கட்டீட்டு அண்டாவுல கரண்டி போடறான் பாரு, அந்தச் சாம்பாரு வேற.

அஞ்சாவது எபிசோடு ஞாபகம் இருக்குதா? குருவும் சிஷ்யனும் பாறைக்காட்டுல பழகிப் பாக்கறாங்க. ஜெனோஸ் நெருப்பாட்டம் சுத்திச் சுத்தி அடிக்கறான், எனக்குக் கண்ணாடிய எங்க வெச்சேன்னே தெரியல, அந்த வேகம். கடைசியில மொட்டையன் ஒரு குத்தை அவன் மூஞ்சிகிட்டக் கொண்டுபோய் நிறுத்தறான். நிறுத்துன குத்துக்கே பின்னால இருந்த மலை காணாம்போகுது. அடுத்த பேச்சு என்ன? பசிக்குது, ஊடோன் சாப்பிடப் போலாமா. அவ்வளவுதான். போர்வைக்குள்ள நம்ம ரெண்டு பேரும் வாயைப் பொத்தீட்டுச் சிரிச்சதுல உங்கம்மா எந்திரிச்சு வந்து போனைப் புடுங்கீட்டா.

அப்பறம் என்னாச்சு? 2015 டிசம்பர்ல பந்தி முடிஞ்சுது. 2016-ல "இன்னொரு பந்தி உண்டு"ன்னு சொன்னாங்க. 2017-ல "ஆனா சமையக்காரங்க மாறீட்டாங்க"ன்னு சொன்னாங்க. ஸ்டூடியோ ஜே.சி. ஸ்டாஃப், டைரக்டர் சிகாரா சகுராய். 2019 ஏப்ரல்லதான் எலை போட்டாங்க. குபோட்டா இருந்தாரு, பாட்டுப் போட்ட மகோதோ மியசாகி இருந்தாரு, கதையை எபிசோடாப் பிரிச்சு அமைக்கற தோமோஹிரோ சுசுகியும் இருந்தாரு. மாப்பிள்ளை அவனே, பந்தல் அதே பந்தல். நட்சுமே இல்ல, அவரு கூட வந்த மாமன் மச்சானும் இல்ல.

இதுல ஜே.சி. ஸ்டாஃபை நீ வையறது எனக்குச் செரியாப் படல. 1986-ல தொடங்குன கம்பெனி, 1997-லயே 'உதேனா'ன்னு ஒரு தொடரைப் பண்ணுனவங்க, அதைப் பத்தி இன்னும் பேசறாங்க. வேலை தெரியாதவங்க இல்ல. வேலை எச்சாப் போனவங்க. 2018 அக்டோபர்ல இருந்து 2019 ஏப்ரல் வரைக்கும் 'இண்டெக்ஸ்' மூணாவது சீசன் அவங்க கையில. 2019 சனவரியில 'டேட் எ லைவ்' மூணாவது. சூலையில 'அக்ஸெலரேட்டர்', அதே மாசம் 'டன்மாச்சி' ரெண்டாவது. அக்டோபர்ல 'ஷொக்குகேகி நோ சோமா' நாலாவது. நடுவுல நம்ம மொட்டையன். ஒரே முகூர்த்தத்துல அஞ்சு ஊட்டுக் கண்ணாலத்துக்கு ஒத்துக்கிட்ட சமையக்காரன் நெலமைய நீ பாத்ததில்ல, நான் பாத்திருக்கறேன். ரசத்துல உப்பிருக்குதான்னு பாக்கறதுக்கே அவனுக்கு நேரம் இருக்காது.

ஒத்துக்கறதே எதுக்குங்கற. அதுக்கு சப்பான் போக வேண்டாம், நம்ம பக்கத்துத் தறிக்குடோனுக்குப் போனாப் போதும். ஏவாரி பாவும் நூலும் குடுக்கறான், தறிக்காரன் மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலிக்கு ஓட்டிக் குடுக்கறான். துணி கடையில என்ன வெலைக்குப் போனாலும் தறிக்காரனுக்கு அதே கூலி. அங்கயும் அதேதான். டிவிக்காரன், புத்தகக்காரன், பாட்டுக் கம்பெனி, பொம்மை விக்கறவன் அல்லாரும் சேந்து ஒரு கூட்டு வெப்பாங்க, தயாரிப்புக் கமிட்டின்னு. பணம் அவங்க போடுவாங்க, லாபமும் அவங்களுக்கு. பெரும்பாலும் படம் வரையற ஸ்டூடியோவுக்குக் கூலி மட்டுந்தான். அப்ப தறி நிக்காம ஓடோணும்னா அடுத்த பாவு ஏத்தித்தான் ஆகோணும்.

ஒரு நொடிக்கு 24 சட்டம். அல்லாத்துக்கும் தனித்தனியா வரைய முடியாதுன்னு, ஒரே படத்தை ரெண்டு சட்டம், மூணு சட்டம் நிக்க வெச்சு எட்டோ பன்னெண்டோ படத்துல ஒப்பேத்தறாங்க. 1963-ல ஒசாமு தெசுகா 'அஸ்ட்ரோ பாய்' பண்ணுன காலத்துல இருந்தே இந்தச் சிக்கனந்தான். அதுவும் தப்பில்ல, சிக்கனத்துலயும் அழகு உண்டு, உங்க அம்மாயி பழைய சேலையில போர்வை தைக்கறாளே அதாட்ட. முக்கியமான நெலைய வரையறவன் ஒருத்தன், நடுவுல நெரப்பறவன் இன்னொருத்தன். நடுவுல நெரப்பறவனுக்கு ஒரு படத்துக்குச் சுமாரா 200 யென். நம்ம காசுக்கு ஒரு சாப்பாட்டுக் காசு. நீ பொடக்காளியில நின்னு அந்தப் பையனைத்தான் வஞ்ச.

வஞ்சதுல பாதி நாயம், அதையும் சொல்லிப்போடறேன். ஜெனோஸ் மேலுல ஏதோ ஒரு பளபளப்பை இழுத்து உட்டிருக்காங்க, பாத்திரக்கடையில புது எவர்சில்வர் போசி அடுக்குனாப்புல. மொதல் சீசன்ல அவன் இரும்பு மனுசன், ரெண்டாவதுல கண்ணாலச் சீர்வரிசை. அடி உழுகறப்பச் சத்தம் தகரக் கொட்டாயில கல்லு உழுந்தாட்டம் வருது. சண்டை நடக்கறப்ப ஆளு ஒரு பக்கம், நெழலு நாலு பக்கம், எது கை எது காலுன்னு தெரியறதுக்குள்ள அவன் உழுந்து கெடக்கறான். "எனக்குப் பொறை உழுந்துருச்சாட்ட இருக்குது, ஆஸ்பத்திரிக்குப் போலாம்"னு உங்கப்பங்கிட்டச் சொன்னேனே 2019-ல, அது இதைப் பாத்துத்தான். டாக்டர் கண்ணு நல்லாருக்குதுன்னுட்டாரு. அதுல கொஞ்சம் டிவிக்காரங்க பண்ணுன மங்கலு. 1997-ல போக்கிமான் பாத்து நூத்துக்கணக்குல கொழந்தைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கீட்டுப் போனதுல இருந்து அங்க மின்னற காட்சிக்கெல்லாம் கட்டுப்பாடு. பேச்சு நடக்கறப்ப நிக்கற பொம்மைகளுக்கு எந்தக் கட்டுப்பாடு காரணம்னு மட்டும் எனக்குப் புரியல.

ஆனா கண்ணு, இதெல்லாம் உன்ற நோவுக்குக் காரணம் இல்ல. எப்படின்னு கேளு.

இந்தக் கதைய முதல்ல எழுதுன ஆளு பேரு ஒன். 2009-ல இணையத்துல அவரே வரைஞ்சு போட்டாரு. அந்தப் படத்தைக் காட்டுனயே எங்கிட்ட, மறந்துட்டயா? ஒண்ணாவது படிக்கற புள்ள செவுத்துல கரிக்கட்டையில போட்டாட்ட இருந்துச்சு. மொட்டையன் தலை முட்டை, கை ரெண்டும் முருங்கைக்காய். அதைத்தான் சனங்க உழுந்து உழுந்து படிச்சாங்க. அதைப் பாத்துத்தான் யூசுகே முராத்தா, 'ஐஷீல்ட் 21' வரைஞ்ச பெரிய கை, நான் வரையறேன்னு வந்து 2012-ல இருந்து அதே கதைய மறுக்கா வரையறாரு. அப்ப, படம் கோணலா இருந்தா கதை செத்துரும்னா, இது பொறந்தன்னைக்கே செத்திருக்கோணுமே?

ஒன் கோணலா வரைஞ்சாலும் கொட்டு எங்க அடிக்கோணும், எங்க நிறுத்தோணும்னு தெரிஞ்சு அடிச்சாரு. ரெண்டாவது சீசன்ல அந்தக் கொட்டுத்தான் தாளம் தப்பிப்போச்சு. அதுல வர்ற குஸ்திப் போட்டியவே எடுத்துக்க. மொட்டையன் சவுரி வெச்சுட்டு, சரங்கோங்கற இன்னொரு பையன் பேருல உள்ள போறான். நெனச்சாலே சிரிப்பு வரோணும். ஆனா பேரு கூட ஞாபகம் இல்லாத ஆளுக ஒருத்தன் மாத்தி ஒருத்தன் வந்து மோதிட்டே இருக்கறாங்க. அந்தக் கரோ ஒரு பக்கம் ஈரோக்களைத் தேடித் தேடி அடிக்கறான், பூதக் கூட்டம் ஒரு பக்கம், குஸ்தி ஒரு பக்கம். மூணு கொட்டு மூணு தெருவுல அடிக்குது, எந்தத் தெருவுலயும் சாமி வல்ல.

இருந்தும் நான் ரெண்டாவது சீசனை முழுசா உட்டுக்குடுக்க மாட்டேன். கிங்குனு ஒருத்தன் வர்றான் பாரு. ஒலகத்துலயே பலசாலின்னு பேரு, பாத்தாலே பூதமெல்லாம் நடுங்குது, நெஞ்சுல மோட்டார் ஓடறாப்புல ஒரு சத்தம் வருதுங்கறாங்க. அந்தச் சத்தம் என்ன? பயத்துல அவன் நெஞ்சு அடிச்சுக்கறது. ஊட்டுக்குள்ள உக்காந்து வீடியோ கேம் வெளையாடற பயந்தாங்கொள்ளி. மொட்டையன் ஊரையே காப்பாத்துனவன், அவனை ஆருக்கும் தெரியாது. இவன் ஒண்ணும் பண்ணாதவன், ஊரே கும்புடுது. அதுல மொட்டையனுக்கு வருத்தமே இல்ல, கேம்ல தோத்ததுக்கு மட்டும் கோவம் வருது. இதுக்குப் படம் நல்லா வரையோணும்னு இல்ல கண்ணு. எனக்கு நம்ம பஞ்சாயத்துல நாலு பேரு மூஞ்சி ஞாபகம் வந்துச்சு, பேரு வேண்டாம்.

சுய்ரியூன்னு அந்தக் குஸ்திக்காரன். ஈரோன்னு சொல்லிக்கறதெல்லாம் வீண் வேலை, பலம் இருந்தா சொகமா இருக்கோணும்னு சிலுப்பிக்கிட்டுத் திரிஞ்சவன், எலும்பு நொறுங்குனப்பறம் ஆராச்சும் காப்பாத்துங்கன்னு அழுகறான். அது நல்ல காட்சி. நீ அப்பவும் பின்னால நகராத செவுத்தைப் பத்தித்தான் பேசீட்டிருந்த.

உன்ற கதைக்கு வர்றேன். காலேஜுல முதல் செமஸ்டர் எட்டரைன்னு வாங்கீட்டு வந்த. ஊரு பூரா ஜிலேபி குடுத்தோம். ரெண்டாவது செமஸ்டர்ல நாலு அரியரு. அன்னைக்கு நீ என்ன சொன்ன? வாத்தியாரு மாறீட்டாங்க அப்புச்சி, ஒரே நேரத்துல அஞ்சு பாடம் அப்புச்சி, நேரம் பத்தல அப்புச்சின்னு. நாங்க ஆராச்சும் உன்னையச் சாணின்னு சொன்னமா? உங்கப்பன் சொன்னான், அது வேற. நான் சொல்லல. செரி, கோவிச்சுக்காத, எந்திரிக்காத, உக்காரு. சந்தகைக்குத் தேங்காப்பாலு கொண்டாரச் சொல்றேன்.

அந்தப் போரோஸைப் பத்தி நீ யோசிச்சிருக்கறயா? முதல் சீசன் கடைசியில ஆகாசக் கப்பல்ல வர்றவன். உனக்குச் சமமா ஒருத்தன் பூமியில இருக்கறான்னு எவனோ சோசியம் சொன்னதை நம்பி, 20 வருசம் பொட்டிப் படுக்கையெல்லாம் கட்டீட்டு வந்தான். மொட்டையனை நெலா வரைக்கும் எத்தி உட்டான், மொட்டையன் அங்கயிருந்து தாவி வந்தான். சாகறப்ப போரோஸுக்குப் புரியுது, எதுக்கால இருந்தவன் பாதி கூட அடிக்கலைன்னு. 20 வருசப் பயணம். பொக்குனு போச்சு. பாவம், நம்ம ஒறம்பரை ஆளாட்ட இருந்தான்.

நீ மூணேகால் வருசம் காத்துட்டிருந்த. ஒரே சோறு, ஒரே கண்ணாலம்னு நெனச்சுட்டு. மொட்டையன் சீக்கு என்னன்னு தெரியுமா உனக்கு? எதுவும் அவனுக்கு ஈடா இல்ல, அதனால ஒண்ணுலயும் ருசி இல்ல. பன்னெண்டு எபிசோடு பாத்து அந்தச் சீக்கை அவங்கிட்ட இருந்து வாங்கீட்டு வந்தவன் நீ. மசுரு மட்டும் இன்னும் கொட்டல. அதுக்கும் நம்ம பரம்பரையில நாளு இருக்குது, அவசரப்படாத.

யோசனை சொல்லுங்கன்னு நீ கேக்கல, கேக்காமயே சொல்றதுதான என்ற சோலி. அடுத்த சீசன் வருதுன்னு சொன்னாங்கன்னா, ஸ்டூடியோ பேரைப் பாக்காத. பொண்ணு பாக்கப் போற ஊட்டுல வாசல் கோலத்தைப் பாத்துட்டுத் தலையாட்டற வேலை அது. டைரக்டர் ஆரு, வரையறவங்க ஆரு, எத்தனை வருசம் குடுத்திருக்காங்க, அந்த வருசம் கையில இன்னும் எத்தனை பாவு ஏத்தியிருக்காங்கன்னு பாரு. அப்படிப் பாத்திருந்தா 2017-லயே உனக்கு வெவரம் தெரிஞ்சிருக்கும், இத்தனை வருசம் சந்தகை காஞ்சிருக்காது. மேட்ஹவுஸே மறுக்கா எடுத்திருந்தாலும் அந்த ஆளுக வல்லைன்னா எலையில அதே கொழம்பு உழுந்திருக்கும்னு சொல்ல முடியாது. இதை நீ உன்ற சேக்காளிககிட்டச் சொன்னா உன்னையும் சேத்து வைவாங்க, அதனால எங்கிட்ட மட்டும் ஒத்துக்க.

அப்பறம், அந்த ரெண்டாவது சீசன் கடைசி எபிசோடு. ஊரு நீளத்துக்கு ஒரு பூரான் வருமே. மூத்த பூரான்னு பேரு, என்னையாட்டம் பெருசு. பேங்கும் அவங்கண்ணனும், ரெண்டு கெழவனுக, ஒட்டுக்காச் சேந்து அதன் ஓட்டை நொறுக்கறாங்க. அது தோலை உரிச்சுப் போட்டுப் புதுசா வருது. ஜெனோஸ் தன்ற நெருப்பெல்லாம் கொட்டறான், ஆகல. அப்ப அந்தப் பயந்தாங்கொள்ளி கிங்கு, ஒலிபெருக்கியப் புடிச்சுட்டு, நடுங்கறதை வெளிய காட்டாம, அதைத் தன்ற பக்கம் வரக் கூப்படறான். கொட்டு அடிக்குதா இல்லையா? மொத்தச் சீசன்லயும் அங்க ஒரு எடத்துல எட்டுக் கொட்டும் ஒட்டுக்கா அடிச்சுது. மொட்டையன் வந்தான். ஒண்ணு உட்டான்.

படம் சுமாருதான். ஆனா அன்னைக்கு நீ போர்வைய உதறீட்டு எந்திரிச்சுக் குதிச்சே, இந்தக் கட்டலு காலு ஒண்ணு ஆடுதே இன்னைக்கும், அது அப்ப ஆனதுதான்.

போன்ல சார்சு இருக்குதா? அந்தப் பூரானு வர்றதை மட்டும் போடு. சத்தத்தைக் கொறச்சு வெய்யி, உங்கம்மா முழிச்சுட்டிருக்கறா.